வாலைப் பார்க்கிற அக்கா

“...பேச்செல்லாம் அப்புறம் வச்சுக்குவோம். மொதல்ல அந்தக் கையத் தரையில வையுங்க. உள்ளங்கை மேல பாத்து இருக்கட்டும்.”

எங்கள் காம்பரா வாசலுக்கு உள்பக்கமாக உட்கார்ந்துகொண்டு பக்கத்துக் காம்பரா அக்கா இதைச் சொன்னார். இடது புருவம் பிளந்திருந்தது. இரத்தம் கன்னத்தில் இறங்கித் தாடையில் கூடி, சொட்டுச் சொட்டாகக் கழுத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவர் துடைக்கவில்லை. வாசலுக்கு வெளியே, இஸ்தோப்புத் திண்ணையில், அவருடைய வீட்டுக்காரர் நின்றார். அவருக்குப் பின்னால் மழைச்சாரலில் பாதி லயத்துச் சனம் நின்றது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். எல்லா வீட்டு அடுப்பிலும் ரொட்டி தீய்கிற வாசனை. ஒருத்தரும் திருப்பிப் போடப் போகவில்லை.

அந்த மனுஷன் கையை வைத்தாரா, வைத்த பிறகு அக்கா என்ன செய்தார் என்பதைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் அதை மட்டும் சொன்னால் அக்காவை ராட்சசி என்று சொல்லிவிடுவீர்கள். அதனால் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

அக்காவின் பெயரை எழுத மாட்டேன். அவர் மகள் பேரன் பேத்தி எடுத்து நன்றாக இருக்கிறாள், அவளுக்கு இதெல்லாம் அச்சில் வர வேண்டாம். தலவாக்கலையிலிருந்து மேலே ஏறுகிற ஒரு தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரத் துரை போய்ச் சிங்களத் துரை வந்த வருஷங்கள். லயம் என்றால் ஒரே தகரத்துக்குக் கீழே வரிசையாக ஒட்டிக் கட்டின ஒற்றை அறைகள், ஒவ்வொரு அறையும் ஒரு காம்பரா. கடைசிக் காம்பரா அக்காவுடையது, அதற்கு முந்தினது எங்களுடையது. நடுவில் ஒரு சுவர். சுவர் என்றால் கூரை வரைக்கும் போகிற சுவர் இல்லை. ஆள் உயரத்துக்கு மேலே கொஞ்சம் ஏறி நின்றுவிடும். அதற்கு மேலே தகரம் வரை வெறும் வெளி. ஒரு வீட்டுப் புகை எல்லா வீட்டுக்கும் போகும். ஒரு வீட்டு அடி எல்லா வீட்டுக்கும் கேட்கும். பூனைகளுக்கு அந்தச் சுவர் மேல்தான் ராஜபாட்டை.

அக்கா கொழுந்து பறிப்பதில் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. பாட்டு வராது. சாமியும் வராது. அவருக்கு வந்த வித்தை ஒன்றே ஒன்றுதான். ஒரு அடி விழப்போகிறது என்பது அடிக்கிறவனுக்குத் தெரிவதற்கு முன்னால் அக்காவுக்குத் தெரிந்துவிடும்.

“வாயப் பாக்காத புள்ள. வாலப் பாரு,” என்பார்.

வால் யாருக்கு என்று கேட்டால், எல்லாருக்கும் உண்டு என்பது அவர் கட்சி. “கணக்கப்புள்ளைக்கு வாலு கொடையில. கொடைய மடக்கிக் கக்கத்துல வச்சாருன்னா, அன்னிக்கு எவளுக்கோ அரைச் சம்பளந்தான். அவருக்கு மேல உள்ள கண்டாக்கையாவுக்குச் சப்பாத்துல. நுனிக்காலால தரையத் தட்டுனாருன்னா ஒதுங்கிரு. மழைக்குக்கூட இருக்கு, அந்தா, அந்த மல மூக்குல பஞ்சு மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கு பாரு.” சொல்லி வாய் மூடுவதற்குள் மழை எங்கள் கூடையை நிரப்பும்.

சும்மா வேடிக்கைப் பேச்சு என்றுதான் முதலில் நானும் இருந்தேன். ஒருநாள் பத்தாம் நம்பர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். புதிதாகக் கலியாணமாகி வந்த ஒரு பெண் பக்கத்து நிரையில் நின்றாள். கொழுந்தை விட்டுவிட்டுப் போகிறாள் என்று கங்காணி பின்னால் வந்து நின்றார். கோபமே இல்லை. “என்னா தாயி, மாப்புள நெனப்புல கண்ணு தெரியலியா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எல்லாரும் சிரித்தோம், அந்தப் பெண்ணும் சிரித்தாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சட்டென்று எட்டி அவள் கூடைக் கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பு. அவள் கூடையோடு கானில், மழைத்தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில், உருண்டாள். அவள் தலை இருந்த இடத்தில் கங்காணியின் கம்பு இறங்கியது. தேயிலைச் செடி இரண்டாகப் பிளந்து, உள்ளே வெள்ளை தெரிந்தது.

தப்பிய அடியைக் கங்காணி அக்காவின் முழங்கையில் தீர்த்துக்கொண்டார். பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது பார்த்தேன், கை கத்தரிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது.

“சிரிச்சுக்கிட்டுல்ல இருந்தாரு? எப்பிடிக்கா தெரிஞ்சுச்சு?”

“வெத்தலைய இந்தக் கொடுப்புலருந்து அந்தக் கொடுப்புக்கு மாத்துனாரு. பல்லக் கடிக்க எடம் வேணுமில்ல?”

“இதெல்லாம் எங்கக்கா படிச்சீங்க?”

“வீட்டுலதான்,” என்று குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தார்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வீட்டுக்காரர் வெளியில் தங்கமான மனுஷன். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலையில் முன்னால் நிற்கிற ஆள். கத்தியை ஒரு வீச்சு வீசினால் விரல் தடிப்புக் கிளை சத்தமில்லாமல் விழும். காமன் கூத்துக்குப் பாட நின்றால் அடுத்த தோட்டத்திலிருந்தும் ஆள் வரும். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் அவர் இருக்கிற பக்கம்தான் சிரிப்புச் சத்தம் கேட்கும். வீட்டுக்குள் நுழைந்தால் கைதான் பேசும். ரொட்டி கருகினாலும் கை, கருகாவிட்டாலும் கை. அக்காவின் மணிக்கட்டு ஒருமுறை, விலா ஒருமுறை. ஒவ்வொரு முறையும் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பீலியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்வார். “இந்தப் பீலி ஒன்னைய மட்டுந்தான் வழுக்குது,” என்று டிஸ்பென்சர் ஐயா சொல்லிக்கொண்டே கட்டுப் போடுவார்.

அந்த மனுஷனுக்கு வால் வலது கைக் கட்டைவிரல். அடிக்கப்போகிறார் என்றால் அது மெதுவாக உள்ளங்கைக்குள் மடங்கிப் போய் ஒளிந்துகொள்ளும். மற்ற நாலு விரலும் அப்புறம்தான் அதன்மேல் மூடும். முகத்தில் ஒன்றும் இருக்காது.

“தெரிஞ்சு என்னா செய்ய?” என்றார் அக்கா. “மலையில கான் இருக்கு, குதிச்சிரலாம். காம்பராவுல எங்க ஓடுறது? வெரலு மடங்குனா, வயித்தச் சொவத்துப் பக்கமாத் திருப்பிக்குவேன். அம்புட்டுதான்.”

ஒருமுறை திருப்பிக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை. அந்த வருஷம் அக்காவுக்கு வயிற்றில் ஒன்று தங்காமல் போனது. யாருடைய காலால் என்று லயத்துக்கே தெரியும்.

அதற்குப் பிறகு வந்த மழைக்காலத்தில்தான் பூனை வந்தது. கொண்டு வந்தது அந்த மனுஷன்தான். தேயிலை ஸ்டோரில் எலிக்காக வளர்க்கிற பூனைகள் போட்ட குட்டி ஒன்று, நனைந்து கிடந்ததாம். கம்பளிக்குள் நெஞ்சோடு வைத்துத் தூக்கி வந்தார். சாம்பலில் கறுப்பு வரி. உள்ளங்கை அளவு. அதற்குத் தங்கம் என்று பெயர் வைத்தார். கலியாணமாகி அத்தனை வருஷத்தில் அக்காவுக்கு அவர் வைத்திருந்த பெயர் ‘ஏய்’.

அந்தப் பூனை அவரோடு ஒட்டிக்கொண்ட மாதிரி ஒரு பிள்ளைகூட ஒட்டி நான் பார்த்ததில்லை. கவ்வாத்து முடிந்து ஆட்கள் திரும்புகிற நேரம் பாதை முடக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். முப்பது பேர் வந்தாலும் அவர் காலடி எது என்று அதற்குத் தெரியும். வாலை நட்டுக்குத்தலாகத் தூக்கி, நுனியை மட்டும் வளைத்து, எதிரே ஓடும். கெண்டைக்காலில் தலையை முட்டி, கன்னத்தை உரசி, இவர் என் ஆள் என்று ஊருக்குச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வழி விடும். அவர் படுத்தால் நெஞ்சில் ஏறி, முன்னங்காலால் ரொட்டிக்கு மா பிசைகிற மாதிரி பிசையும். நகம் ஏறினாலும் அசைய மாட்டார்.

“சட்டியப் போட்டு உருட்டாத, தூங்குது,” என்று அக்காவை அதட்டுவது எங்களுக்குக் கேட்கும்.

வளர்ந்த பிறகு அது எலிக்கு எமன். தேயிலைத் தூருக்குள் பாய்ந்தால் கழுத்தைக் கவ்விக்கொண்டுதான் வெளியே வரும். முதலில் கொல்லாது. விடும், பிடிக்கும், விடும். எலி கத்துகிற கத்தலில் பிள்ளைகள் அழும். கடைசியில் தலையை மட்டும் தின்றுவிட்டு, மிச்சத்தை இரத்தத்தோடு இழுத்து வந்து அவர் பாயில், சரியாக அவர் கைபடுகிற இடத்தில் வைக்கும். “எனக்குக் கறி கொண்டாந்திருக்கா பாரு எம்மக,” என்று அவர் சிரிப்பார். அடுத்த லயத்து நாய் ஒன்று அவரைப் பார்த்துக் குரைத்ததற்கு, அதன் மூக்கிலேயே தொங்கிக் கண்ணைக் கிழித்து அனுப்பியது. அதற்குப் பிறகு அந்த நாய் அந்தப் பாதையில் வரவில்லை.

அக்காவிடமும் அது வரும். ஆனால் வேறு மாதிரி. எட்ட உட்கார்ந்துகொண்டு அவரையே பார்க்கும். பார்த்துவிட்டு மெதுவாகக் கண்ணை மூடித் திறக்கும்.

“பாத்தியா புள்ள, ஒங்கிட்ட கண்ண மூடலாம்னு சொல்றா. அந்த வீட்டுல என்னால அப்பிடி மூட முடியல.”

இனி தங்கம் வாங்கின உதையைச் சொல்ல வேண்டும். ஒரு சாயங்காலம் அவருக்கென்று சுட்டு வைத்திருந்த கருவாட்டைத் தங்கம் எடுத்துவிட்டது. தவறணையில் குடித்துவிட்டு வந்திருந்தார். யோசிக்காமல் காலை வீசிவிட்டார். பூனை சுவரில் போய் மோதிய சத்தம் எங்களுக்குக் கேட்டது. அடுத்த சத்தம் அவர் கத்தியது. விழுந்த வேகத்திலேயே திரும்பிப் பாய்ந்து, அந்தக் காலையே கட்டிப்பிடித்து, பின்னங்கால் நகத்தால் முழங்காலிலிருந்து கணுக்கால் வரை உழுதுவிட்டது. அப்புறம் ஒரே தாவல். நடுச்சுவரில் ஏறி, எங்கள் பக்கம் குதித்து, விறகுக்குப் பின்னால் போய்விட்டது. விட்டு ஓடியது, ஆனால் கிழிக்க வேண்டியதைக் கிழித்துவிட்டுத்தான் ஓடியது.

இனி அது செத்தது என்று நினைத்தோம். கவ்வாத்துக் கத்தியைத் தீட்டப் போகிறார் என்று என் வீட்டுக்காரர்கூடச் சொன்னார். நடந்தது வேறு. மறுநாள் அந்த மனுஷன் வேலைக்கே போகவில்லை. இரத்தம் காய்ந்த காலோடு சுவருக்கு அடியில் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பூனை சுவர் மேலே வந்து உட்காரும், பார்க்கும், இறங்காது. கையில் நெத்திலியை வைத்து நீட்டுவார். அது கையைத்தான் பார்க்கும், நெத்திலியைப் பார்க்காது.

“வா தங்கம். வாம்மா. தெரியாம பட்டிருச்சு.”

அடுப்பை ஊதிக்கொண்டிருந்த அக்கா ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டார். பிறகு பீலியில் குடத்தை நிரப்பிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

“மணிக்கட்டு ஒடஞ்சப்ப அந்த வார்த்த எனக்கு வரல புள்ள. வயித்துல இருந்தது போனப்பவும் வரல. அந்த மனுஷன் வாயில அப்பிடி ஒரு வார்த்த இருக்குன்னே எனக்குத் தெரியாது.”

பூனை அவரை வழிக்குக் கொண்டு வந்த விதத்தை அக்கா ஒன்று விடாமல் பார்த்தார். நீட்டிய கைக்கு அது வரவே இல்லை. கை தரையில் கிடந்து, உள்ளங்கை மேலே பார்த்து, விரல் அசையாமல் இருந்தபோதுதான் இறங்கியது. எட்ட நின்று மோந்தது. விரல் ஒன்று துடித்தது, திரும்பச் சுவருக்கு ஏறிவிட்டது. மறுபடி கை தரையில். மறுபடி இறங்கியது. அப்படிப் பல நாள். கடைசியில்தான் தலையைக் கொண்டுபோய் அந்தக் கையில் வைத்தது. அன்றைக்கு அவர் அழுதார் என்று அக்கா சொன்னார். நான் நம்பினேன்.

அதன் பிறகு அவர் கால் திருந்திவிட்டது. இருட்டில்கூடத் தடவித் தடவித்தான் வைப்பார், பூனை மேல் பட்டுவிடக்கூடாதென்று. கை திருந்தவில்லை. ஒருநாள் காலையில் அக்கா ஒரு பக்கத்து உதடு வீங்கி வந்தார். அழவில்லை, ஆச்சரியப்பட்டுப் போய் நின்றார்.

“நான் அடுப்பாண்ட நிக்கிறேன். நடுவுல அது படுத்துக் கெடக்கு. வெரல மடக்கிக்கிட்டு வர்றாரு. வந்தவரு காலத் தூக்கி, அதத் தாண்டி வச்சு, அப்புறம் வந்து அடிக்கிறாரு புள்ள! அம்புட்டுப் பதனம்! அப்ப அவருக்கு நிறுத்தத் தெரியும். இத்தன நாளா கோவம் கண்ண மறைக்குதுன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்?”

அந்த வாரம் முதல் அக்கா விறகு சேர்க்க ஆரம்பித்தார். கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து தலைச்சுமை தலைச்சுமையாகக் கொண்டு வந்து நடுச்சுவரை ஒட்டிப் படிப்படியாக அடுக்கினார். பொண்டாட்டி சுறுசுறுப்பாகிவிட்டாள் என்று அவர் சந்தோஷப்பட்டார். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் அடுக்கினேன். எதற்கென்று அக்கா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் மறுபடி முழுகாமல் இருந்தார்.

அதே சமயம் தங்கமும் வயிறு பெருத்தது. வீட்டுக்காரர் அதற்காகச் சாக்கு விரித்து, தன் கம்பளியையே மடித்துப் போட்டு, அடுப்பு மூலையில் இடம் செய்து வைத்தார். பூனை அந்தக் கம்பளியில் நாள் முழுக்கப் படுத்திருந்தது. அவர் மடியில் படுத்திருந்தது. நோவு வந்ததும் எழுந்து சுவரைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து, நான் அடுக்கிய விறகுக்கு இடையில் மூன்று குட்டி போட்டது. பிறகு வழக்கம்போல் அவர் நெஞ்சில் போய்ப் படுத்தது. பால் கொடுக்க இங்கே வரும், உறங்க அங்கே போகும். குட்டியை மட்டும் ஒருநாளும் அந்தப் பக்கம் தூக்கிப் போகவில்லை.

“இவ கெட்டிக்காரி,” என்றார் அக்கா. அன்றைக்கு அவர் முகம் ஏதோ கணக்கு நேராகிவிட்ட மாதிரி இருந்தது.

வயிற்றில் நாலு மாசம் ஆனபோது அக்கா நியாயத்துக்குப் போனார். எங்கள் தோட்டத்தில் புருஷன் பொண்டாட்டி வழக்கென்றால் மாரியம்மன் கோயில் முன்னால் தலைவர் வைத்துப் பேசுவார். தலைவர் என்றால் சங்கத் தலைவர். பெரிய கங்காணியும் வந்து உட்காருவார்.

“என்னாம்மா, ஒனக்கு என்னா கொறை?”

“கொறை ஒண்ணுமில்லீங்க தலைவரே. இது தங்கணும்.” வயிற்றைத் தொட்டுக் காட்டினார். “அம்புட்டுதான்.”

அவர் வீட்டுக்காரர் கடைசியாக வந்தார். கம்பளிக்குள் நெஞ்சு புடைத்திருந்தது. உட்கார்ந்ததும் கழுத்துப் பக்கமாகத் தங்கத்தின் தலை வெளியே வந்தது. கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அவர் தாடையில் கன்னத்தை உரசி, கண்ணை மூடித் தூங்கிவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். பெரிய கங்காணி தலையை ஆட்டினார்.

“நாய்க்குச் சோறு போட்டாப் போதும், எவன் பின்னாலயும் போவும். பூன அப்பிடியில்லப்பா, அது மனசப் பாத்துத்தான் அண்டும். இத்தன சனத்துக்கு நடுவுல அது இவன் நெஞ்சுல தூங்குதுன்னா, இவன் கெட்டவனா இருக்க முடியுமா? ஏதோ குடிச்சாக் கை நீளுது.”

தலைவரும் ஆமாம் என்றார். அங்கேதான் எங்கள் ஆட்கள் தவறினார்கள். சாட்சிக்கு மனுஷரைக் கூப்பிடாமல் பூனையை வைத்துத் தீர்ப்புச் சொன்னார்கள்.

“அத அவரு அடிக்கிறதில்லீங்க, அதான் தூங்குது,” என்றார் அக்கா. “என்னையும் அடிக்காமப் பாருங்க. நானும் அந்தக் கம்பளிக்குள்ள படுத்துத் தூங்குறேன்.”

பெண்கள் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அந்த மனுஷனும் சிரித்தார்.

“குட்டி போட்டுச்சே, எங்க போட்டுச்சுன்னு கேளுங்க தலைவரே.”

தலைவர் என்னைப் பார்த்தார். “எங்க வீட்டுலங்க,” என்றேன். “சொவத்துக்கு இந்தாண்ட.”

“அவரு மேல உசுரா இருக்கா, நான் இல்லேங்கல,” என்றார் அக்கா. “ஆனா குட்டிய அவரு கையெட்டுற எடத்துல வைக்கல. ஒரே ஒரு ஒததான் தலைவரே அவ பட்டது.”

அப்போது யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் தீர்ப்பு மாறவில்லை. சூடம் ஏற்றிச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். எரிகிற சூடத்தை அந்த மனுஷன் வலது கையால் ஓங்கி அடித்து அணைத்தார், இனி தொட மாட்டேன் என்றார். வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் முதலில் சொன்னது. அந்த ஞாயிறுக்குப் பிறகு அக்கா அந்தக் காம்பராவுக்குத் திரும்பவே இல்லை. பிள்ளை பிறக்கும் வரை எங்களோடு இருந்தார். பிறகு கீழ் டிவிஷனில் தம்பி வீட்டுக்குப் போனார். அவர் வீட்டுக்காரர் அதன் பிறகு கவ்வாத்துக்குப் போகவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் பீலியில் வழுக்கி விழுந்ததாக அவரும் சொன்னாராம். “இப்ப ஒன்னையுமா?” என்றாராம் டிஸ்பென்சர் ஐயா. தங்கம் கடைசி வரைக்கும் அவர் நெஞ்சில்தான் படுத்தது. எங்களோடு இருந்த நாளில் அக்கா அதற்குச் சோறு வைத்து, தின்று முடிந்ததும் முதுகைத் தட்டி, “போ, ஒன் ஆளு தேடுவாரு,” என்று அனுப்புவார். எனக்குப் பொறுக்காது. “அதுக்கு அவரு நல்ல மனுஷந்தான புள்ள,” என்பார். “அதப் பொய்யின்னு நான் எப்பிடிச் சொல்ல?”

சரி, அந்தப் பின்னேரத்துக்கு வருகிறேன். தவறணையில் எவனோ கேலி பேசியிருக்கிறான், உன் பூனைகூட அடுத்த வீட்டில்தான் குட்டி போடுகிறதாமே என்று. அந்த மனுஷன் நேரே வந்து விறகில் ஏறி, சுவருக்கு மேலே கையை விட்டு, எங்கள் பக்கத்துக் குட்டிகளை எடுக்கப் பார்த்தார். தங்கம் அவரைப் பார்த்து முதன்முறையாகச் சீறியது. முதுகு வில்லாக வளைந்து, வால் தடித்து, காது தலையோடு ஒட்டிப் போய், உயிரைக் கொடுக்கிற சீறல். அவர் கையை எடுத்துக்கொண்டார். பூனையை ஒன்றும் செய்யவில்லை. இறங்கி, அக்கா பக்கம் திரும்பினார்.

மற்றதெல்லாம் எனக்குச் சத்தமாகத்தான் தெரியும். ரொட்டிக்கல் ஒன்றில் மோதுகிற சத்தம், அந்த ஒன்று அக்காவின் நெற்றி. பானை உடைந்தது. “வயித்துல வேணாங்க, வயித்துல வேணாம்!” என்று அக்கா கத்தியது. பிறகு விறகு சரிகிற சத்தம். சுவருக்கு மேலே இரண்டு கை தெரிந்தது, பிறகு இரத்தமாக ஒரு முகம். அந்தப் பக்கம் அவர் காலைப் பிடித்து இழுக்கிறார். அக்கா மற்றக் காலால் அவர் முகத்தில் உதைத்தார், மூக்கு நொறுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது. நான் தோளைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் விறகோடு உருண்டு தரையில் விழுந்தோம். சரியாமல் நின்ற விறகு மூலையில் தங்கம் குட்டிகளின் மேல் படுத்துக்கொண்டு இன்னும் சீறிக்கொண்டிருந்தது.

அக்கா முதலில் வயிற்றைத் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து, எங்கள் அம்மியிலிருந்த குழவியை எடுத்துக்கொண்டு போய், வாசலுக்கு உள்ளே உட்கார்ந்தார். குழவியை மடியில் வைத்துச் சேலைத் தலைப்பால் மூடினார்.

“கதவத் தெறங்க,” என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். “லயம் பாக்கட்டும்.”

சத்தம் கேட்டு லயம் ஏற்கெனவே கூடிவிட்டது. அவர் இஸ்தோப்பு வழியாகச் சுற்றி வந்து நின்றார். மூக்கிலிருந்து வாய்க்கு இரத்தம் ஒழுகியது. அத்தனை பேரையும் பார்த்ததும் போதை இறங்கியிருக்க வேண்டும். வீட்டுக்கு வா, பேசிக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தார். அப்போதுதான் அக்கா அதைச் சொன்னார், பேச்செல்லாம் அப்புறம், முதலில் கையைத் தரையில் வையுங்கள் என்று.

அவருக்கு விளங்கிவிட்டது. அந்தப் பாடத்தை அவருக்கு ஏற்கெனவே ஒருத்தி படிப்பித்திருக்கிறாள் அல்லவா. முட்டி போட்டு உட்கார்ந்தார். வலது கையை வாசற்படிக்கல்லின் மேல் வைத்தார், உள்ளங்கை மேலே பார்க்க. சூடம் சுட்ட வடு நடுவில் கறுப்பாக இருந்தது. விரல்கள் விரிந்து கிடந்தன.

“வா தங்கம்,” என்றார். அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார், கண்ணில் தண்ணீர் கட்டியது. “தெரியாம பட்டிருச்சு.”

அந்த வார்த்தை வந்துவிட்டது. அத்தனை வருஷம் வராத வார்த்தை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் ஒரு கிழவி, “இந்தா, ஆம்பள வாய்விட்டுச் சொல்லிட்டான், போ தாயி,” என்றாள். என் வீட்டுக்காரரே என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அந்த நேரம் பார்த்துப் பின்னால் நின்ற ஒரு எளவட்டம் மெல்ல, “மியாவ்,” என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அந்த மனுஷனின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கண்ணில் தண்ணீர் அப்படியே நின்றது. “தெரியாம பட்டிருச்சும்மா,” என்று இன்னொரு தடவையும் சொன்னார். நாங்கள் எல்லாரும் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அக்கா முகத்தைப் பார்க்கவில்லை. கல்லின் மேல் கிடந்த கையில் கட்டைவிரல் மட்டும் மெதுவாக, ஒருத்தருக்கும் தெரியாமல், உள்ளங்கையைப் பார்த்து மடங்கத் தொடங்கியிருந்தது. அக்கா தலைப்பை விலக்கி, குழவியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, அந்த விரல் உள்ளே போய்ச் சேருவதற்கு முன்னால் அதன்மேல் இறக்கினார்.